அடிக்கட்டை என் அக்காவிடம் இருக்கிறது

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் சப்பரம் நான் செய்தது. தமிழ்ப்பள்ளி பெஞ்சுகள் நான் செய்தவை. அவற்றில் உட்கார்ந்து படித்த ஒருவன் இன்று ஈப்போவில் டாக்டர், ஒருத்தி கோலாலம்பூரில் வக்கீல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டிகளுக்குச் சட்டம் போட்டது நான். தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே ஓடுகிற ஆற்றின் மேல் லோரி போகிற மரப்பாலம் கட்டியது நான். டவுனிலிருந்து வந்த எஞ்சினியர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மழைக்குத் தாங்காது என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாலம் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பட்டறையில் கரண்டு கிடையாது. மலையில் மழை நிற்காது, மரம் காயாது. எனக்குச் சொல்லிக் கொடுக்க அப்பனும் ஆசாரி இல்லை, பாட்டனும் ஆசாரி இல்லை. கொழுந்து பறித்த குடும்பம். "கொழுந்து பறிக்கிறவ தம்பிக்கு உளி எதுக்கு?" என்று கேட்டவர்களின் வீட்டுக் கதவையும் நான்தான் செய்து மாட்டினேன்.

இவை எதிலும் என் பெயர் இல்லை. சப்பரத்தில் உபயம் என்று போட்டு யாரோ ஒரு தலைவரின் பெயர் இருக்கிறது. பாலத்தில் பாரம் அதிகம் ஏற்றாதே என்று மட்டும் மலாயில் எழுதியிருக்கிறது. போகட்டும் என்று விட்டேன். விட்டுவிட்டு வாழ்ந்தவன்தான் நான்.

தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து சிறப்பு மலர் போடுகிறார்களாம். "ஐயா, உங்க வேலை அனுபவத்தை எழுதிக் கொடுங்க. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார்கள். ஜாலியாக எழுதுகிற நிலையில் நான் இல்லை. ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் துரை இருந்த பழைய பங்களா இப்போது ஓட்டல். அதன் லாபியில் நான்கு மரக்கம்பங்களை வரிசையாக நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில், மடகாஸ்கர் நாட்டுச் சமாதிக் கம்பங்கள், செய்தவர் அறியப்படாதவர் என்று எழுதியிருக்கிறது. செய்தவர் ஏன் அறியப்படாதவர்? கம்போங் ராஜாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கடையில் தினமும் காலையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருக்கிறார். பெயர் சன்னாசி. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த நான்கில் ஒன்று முழுக்க நான் செதுக்கியது. அது என் அக்கா காவேரியின் சமாதியில் நின்றது. அதை அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார்கள். அக்காதான் வளர்த்தாள். எனக்கு மீசை அரும்பியதும், என்னைப் புல்வெட்டுக்கு அனுப்பச் சொன்ன கங்காணியை மதிக்காமல், நேராக ஆபீசுக்குப் போய் வாசலில் நின்றாள். முதுகில் கூடையோடு நின்றாள். உள்ளே கூப்பிடும் வரைக்கும் நகரவில்லை. இப்படித்தான் தேயிலைப் பெட்டி செய்கிற பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே தலைவர் ஒரு சீனத் தச்சர். பேசவே மாட்டார். நான் செய்தது தப்பாக இருந்தால் பலகையைப் பிடுங்கி அடுப்பில் போட்டுத் தேத்தண்ணி காய்ச்சுவார். நிறையத் தேத்தண்ணி காய்ச்சினார். பிறகு காய்ச்சுவது நின்றது. அவ்வளவுதான் என் படிப்பு.

அதற்குப் பிறகு வந்தவர்தான் எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை. மடகாஸ்கர் தீவில் பல வருஷம் தோட்டம் நடத்திவிட்டு இங்கே வந்தவர். அவருடைய சாமான்களைத் தாப்பாவிலிருந்து மலைக்கு ஏற்றி வந்தது என் அக்கா புருஷன் பெருமாள் மச்சான். தோட்டத்து லோரி அவர் கையில்தான் இருந்தது. சாமான்களில் சாக்குச் சுற்றிய நீளமான நான்கு உருப்படிகள். பங்களா வராந்தாவில் வைத்துச் சாக்கை அவிழ்த்தபோது நானும் இருந்தேன்.

ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். ஒரே மரம், ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை. அடிப்பகுதி செதுக்காத வெறும் கட்டை. அது மண்ணுக்குள் போகிற பாகம். அதற்கு மேல் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறை நிலா, அதன் மேல் முழு வளையம், மறுபடி பிறை, மறுபடி வளையம். எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி குடைந்தது. உச்சியில் உருவம். இரண்டில் திமில் வைத்த மாடுகள் சோடியாக நின்றன. ஒன்றில் நீண்ட கழுத்துப் பறவை. நாலாவது கப்பலில் அடிபட்டிருந்தது. உச்சியில் மாட்டின் குளம்புகள் மட்டும் மிச்சம்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி துரையிடம் மெதுவாக இங்கிலீஷில் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது செத்தவங்க சமாதி மேல நடுற கம்பமாம். பேரு அலு அலுவாம்."

"அழு அழுவா?" என்றார் மச்சான். "பேரைப் பாரேன். கிராணி ஐயா, அப்போ இத்தனை தூரம் என் லோரியில பொணத்துக் கட்டையவா ஏத்தியாந்தேன்?"

"உன் லோரியில உரமூட்டை ஏறலியா? அது மாதிரி நெனச்சுக்கோ."

"உரமூட்டை ராத்திரி எந்திரிச்சு வருமாய்யா?"

அன்றைக்கே மச்சான் லோரிச் சக்கரம் நாலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பங்களாவில் கூட்டிப் பெருக்கிய பெண் வராந்தாப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லி, சமையல்கட்டோடு நின்றுகொண்டாள். எனக்குப் பயம் வரவில்லை. அந்த வளையங்களின் உள்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மெல்லிசாகக் குடைந்தும் பிளக்கவில்லையே, எப்படி? என் கவலை அதுதான்.

துரை பார்த்துவிட்டார்.

"சன்னாசி, நீ பொட்டி செய்றவன். இது பொட்டி இல்லே. இந்த ஒடைஞ்சதுக்கு மேலே மாடு செய்வியா?"

"செய்வேன் துரை."

"பார்க்கலாம்."

அந்தத் துரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்த மாட்டார். அடிக்கக் கை ஓங்கியதை நான் பார்த்ததில்லை. தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் எல்லாரையும் ஒருமையில்தான் பேசுவார். வேலையைப் பார்க்க வந்தால் வாயில் புகைக்குழாய் அணைந்தே இருக்கும். கட்டைவிரலால் மரத்தைத் தடவிப் பார்ப்பார், கண்ணால் பார்ப்பது அதற்குப் பிறகுதான். தடவி முடித்ததும் "இன்னும் இல்லே" என்று இரண்டு வார்த்தை. எது இல்லை, எங்கே இல்லை என்று சொல்ல மாட்டார். திரும்பிப் போய்விடுவார். நான்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த முதல் மாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலை மடக்கி உட்கார்ந்த மாடு. கழுத்தில் மணிமாலை, நெற்றியில் சுட்டி, முதுகில் துண்டு விரிப்பு, குஞ்சம். பட்டறையில் எல்லாரும் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துரை தடவினார்.

"இன்னும் இல்லே."

இந்தத் தடவை போகவில்லை. நின்றார்.

"சன்னாசி, இது யார் மாடு?"

"சிவன் மாடு துரை. நந்தி."

"ஆமா. சாமி மாடு. எனக்கு ஒரு மனுசனோட மாடு வேணும். அந்த மனுசன் அதைக் காட்டுக்கு ஓட்டிட்டுப் போனான். அதை வெச்சுக் கல்யாணம் செஞ்சான். செத்தப்போ அதை வெட்டி ஊருக்குச் சோறு போட்டாங்க, கொம்பை அவன் சமாதி மேல வெச்சாங்க. எவன் எதோட வாழ்ந்தானோ, அது அவன் கம்பத்துக்கு மேலே. மாட்டுக்காரனுக்கு மாடு. படகுக்காரனுக்குப் படகு. பட்டாளத்தானுக்குத் துப்பாக்கி."

எனக்கு மாடு என்றால் கோவிலில் கும்பிட்ட மாடுதான். செதுக்குகிற மாடு எப்படி வேறு மாதிரி இருக்க முடியும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

"துரை, இதைச் செஞ்ச தச்சன் பேரு என்ன?"

"தெரியாது."

"யாரு சமாதியில இருந்துச்சு?"

"அதுவும் தெரியாது."

"அப்போ யாருகிட்ட வாங்குனீங்க?"

துரை அணைந்த புகைக்குழாயைத் தூணில் தட்டினார். சாம்பல்கூட விழவில்லை.

லயத்தில் பால் வியாபாரத்துக்கு மாடு வளர்த்தவர்கள் இருந்தார்கள். அதில் ஒரு காளை, விலா எலும்பு தெரிய, எப்போதும் முன்னங்கால் ஒன்றில் பாரம் போட்டு நிற்கும். அதைப் பார்த்துச் செதுக்கினேன். துரை கொண்டுவந்த கம்பங்களில் மாடுகளுக்கு விலா கிடையாது, வழவழவென்று இருக்கும். என் மாட்டுக்கு விலா உண்டு. துரை அதன் மேல் விரலை ஓட்டினார். விலாவில் வந்ததும் விரல் நின்றது. உள்ளே போய்க் காமிராவை எடுத்து வந்தார்.

கம்பங்கள் நான்கையும் வராந்தாவில் நிறுத்தி, தான் நடுவில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். பறவைக் கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. "சன்னாசி, பின்னாலே புடி. நீ தெரியாம புடி" என்றார். தெரியாமல் பிடித்தேன். அந்தப் போட்டோ இப்போது ஓட்டல் லாபியில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. பறவைக் கம்பத்தின் ஓரத்தில் நாலு விரல் தெரிகிறது. அது என் கை. விருந்தாளிகள் வந்தால் துரை மாட்டைக் காட்டி, "என் ஆள் செஞ்சான்" என்பார். ஆள்!

துரை நாட்டை விட்டுப் போகும்போது பறவைக் கம்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மற்ற மூன்றும் பங்களாவிலேயே தங்கிவிட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் பாலம் கட்டினேன். பழைய பாலத்தின் விட்டங்களைக் கழற்றியபோது அதில் ஒன்று செங்கால் மரம். நம் நாட்டுக் காட்டு மரம், கறையான் பல் உடைந்து போகும். ஒரு முனையில் பழைய போல்ட்டு போன ஓட்டை, அதைச் சுற்றித் துருக்கறை. மேனேஜரிடம் கேட்டு அதை வீட்டுப் பின்னால் போட்டுவைத்தேன், எதற்காவது ஆகும் என்று.

அக்காவுக்கு ஆகும் என்று நினைக்கவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பவில்லை. தோட்டத்துச் சுடுகாட்டில், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் அடக்கம் செய்தோம். மச்சான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மகள் லெட்சுமி அப்போது சின்னப்பிள்ளை.

கருமாதி முடிந்ததும் மச்சான் சிமெண்டில் சமாதி கட்டப்போவதாகச் சொன்னார். ரோஸ் கலரில் குளியலறை ஓடு பதிக்க வேண்டுமாம், அப்போது அதுதான் நாகரிகம். நான் என் எண்ணத்தைச் சொன்னேன்.

"கம்பமா? அந்தப் பொணத்துக் கட்டையா?" எழுந்து நின்றுவிட்டார். "டேய் சன்னாசி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? என் பொண்டாட்டிய மரப்பொம்மையா நிக்கவைக்கப் போறியா?"

"மச்சான், ஓடு பதிச்சா அது யாரு சமாதின்னு தெரியுமா? எல்லாம் ஒரே ஓடு."

"பேரு எழுதுவோம்லா!"

"நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? அக்காவுக்கே தெரியாதே. அவ வந்து பாத்தா, இது தன்னோடதுன்னு தெரிய வேணாமா?"

மச்சான் தோள் துண்டை உதறினார். "செஞ்சு தொலை. நல்லா இல்லேன்னா நானே கோடாலியால வெட்டி அடுப்புல வெப்பேன்" என்றார். சீனத் தச்சரும் மச்சானும் ஒரே சாதி.

வேலை முடிந்து வந்துதான் செதுக்கினேன். வேலை முறையைச் சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். குடைவது மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே முதலில் குடைந்தால், மேலே கொட்டாப்புளியால் தட்டுகிற அதிர்ச்சியில் கீழ்ப் பிறை விரிந்துவிடும். கோட்டின் உள்ளே ஒட்டி ஒட்டித் தமரால் துளை போட வேண்டும். துளைகளை மெல்லிய வாளால் இணைத்து நடுவை எடுக்க வேண்டும். பிறகு உளி. ஒரே பக்கத்திலிருந்து உளியை ஓட்டினால் அந்தப் பக்கம் சில்லு தெறிக்கும், அதனால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பிறையின் கூர்நுனியைக் கடைசிவரை தடியாகவே விட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் மெலிக்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் ஈரச்சாக்கைப் போர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் பகல் வெயிலில் வெடித்துவிடும். துரையின் கம்பங்கள் எப்படிப் பிளக்காமல் நின்றன என்பதை நானே கண்டுபிடித்தது இது. ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

போல்ட்டு ஓட்டை இருந்த முனையை அடிப்பக்கம் வைத்தேன். மண்ணுக்குள் போகிற பாகம்தானே. தேயிலைப் பெட்டி விளிம்பில் அடிக்கிற தகரப்பட்டையை அந்த அடியில் சுற்றி ஆணி அடித்தேன். உச்சியில் அக்கா. காலைப் பரப்பி, நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, இரண்டு கையும் இலையில். ஆபீஸ் வாசலில் நகராமல் நின்றாளே, அந்த நிற்பு.

முதல் திதிக்கு முந்திய நாள் நட்டோம். குழி தோண்டி நிறுத்திவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். கோடாலி கொண்டு வரவில்லை. சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார்.

"தப்பு" என்றார்.

"என்ன தப்பு?"

"கூடை நேரா இருக்கு. அவளுக்கு வலது தோள்ல வலி. எப்பவும் இடப்பக்கம் சாச்சுதான் கட்டுவா. நீ பாத்ததில்லியா? தம்பியாம் தம்பி!"

நட்ட கம்பத்தைப் பிடுங்கினேன். அங்கேயே படுக்க வைத்து, கூடையின் வலப்பக்கத்தைச் செதுக்கித் தள்ளி, கயிற்றையும் சாய்த்தேன். மச்சான் பக்கத்தில் குந்திக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துரைக்குப் பிறகு என் வேலையைப் போதாது என்று சொல்லித் திருத்தவைத்தவர் அந்த லோரி டிரைவர் ஒருவர்தான். மறுபடி நிறுத்தியபோது அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "வந்துட்டா" என்றார்.

மச்சான் இருந்தவரை தீபாவளிக்கு முந்திய நாள் சமாதி சுத்தம் செய்யப் போனால், கம்பத்தின் வளையத்துக்குள் கையை விட்டுத் துடைப்பது அவர் வேலை. பிறகு லெட்சுமியின் வேலை. அவள் கல்யாணமாகி ஈப்போவில் இருக்கிறாள். போன தீபாவளிக்கும் வந்தோம், துடைத்தோம், விளக்கு வைத்தோம். கம்பம் நின்றது.

அதற்கு அப்புறம் சில மாதம் கழித்து, லெட்சுமி அவளுடைய சிநேகிதி வீட்டு வரவேற்புக்கு அந்த ஓட்டலுக்குப் போயிருக்கிறாள். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதற்குக் கீழே அவள் குரல்.

"மாமா, அம்மா இங்க நிக்கிறாங்க."

எனக்கு விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

மறுநாள் நானும் அவளும் போனோம். ஓட்டல் மேனேஜர் நம் தமிழ்ப் பிள்ளைதான், கோட்டுப் போட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது.

"அங்கிள், நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. இது நாலு பீஸ் செட். போட்டோல பாருங்க, நாலு இருக்கு. பங்களாவை எடுத்தப்போ மூணுதான் இருந்திச்சு. ஒண்ணை யாரோ அப்பவே தூக்கிட்டுப் போயி சுடுகாட்டுல நட்டுட்டாங்க. டிரெக்கிங் பாதை போடுறப்போ எங்க ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. நாங்க மீட்டுட்டோம்."

மீட்டார்களாம். அதாவது நான் திருடன்.

"தம்பி, போட்டோல, அப்புறம் காணாமப் போன அந்தக் கம்பத்துல மேல என்ன இருக்கு?"

"பேர்ட்."

"இதுல?"

"பொம்பளை. மேல்பகுதியை அப்புறம் யாரோ மாத்திருக்கலாம் அங்கிள். நிபுணர் வந்து பாத்தாரு. அறுவடைப் பெண், மடகாஸ்கர் ஸ்டைல்னு சொன்னாரு."

லெட்சுமி குறுக்கே புகுந்தாள். "எங்கம்மா அறுவடைப் பெண்ணா? எங்கம்மா பதினாறாம் நம்பர் மலையில கொழுந்து பறிச்சவங்க! உங்க ஓட்டல் தேத்தண்ணிக்கு இலை எங்கேர்ந்து வருதுன்னாவது தெரியுமாலா உங்களுக்கு?"

நான் கம்பத்தின் அடியைப் பார்த்தேன். இரும்புத் தாங்கியில் செருகியிருந்தார்கள். நான் விட்ட வெறும் கட்டையைக் காணோம். வெட்டுவாயில் செயின்சாவின் பல் தடம். தோண்டி எடுக்கக்கூடப் பொறுமை இல்லை. மண் மட்டத்தோடு அறுத்திருக்கிறார்கள். மரத்தைத் தொட்டுப் பார்க்கிற எவனும் அப்படி அறுக்க மாட்டான்.

"வாங்க தம்பி, சுடுகாட்டுக்கு. கோட்டைக் கழட்டிட்டு வாங்க, செம்மண்ணு ஒட்டிக்கும்."

வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா சமாதியில் மண்ணைக் கையால் ஒதுக்கினேன். அடிக்கட்டை அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினேன். தகரப்பட்டை வந்தது. அதற்குக் கீழே போல்ட்டு ஓட்டை வந்தது, துருக்கறையோடு.

"தம்பி, மடகாஸ்கர்ல செங்கால் மரம் இருக்கா? அங்க சமாதிக் கம்பத்துக்குத் தேயிலைப் பெட்டித் தகரம் அடிப்பாங்களா? இது நம்ம ஆத்துப் பழைய பாலத்து விட்டம். அதுக்குப் பதிலா நான் கட்டுன பாலத்து மேலதான் உங்க வேன் டூரிஸ்ட ஏத்திக்கிட்டு வருது. இந்த அடியையும் அங்க நிக்கிறதையும் சேத்து வெச்சுப் பாருங்க. ரேகை ரேகையோட பொருந்தும்."

அவர் குனிந்து பார்த்தார். போனில் படம் எடுத்தார். அப்புறம் "சாரி அங்கிள், மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

பேசிவிட்டுச் சொன்னார். தகட்டில் ஒரு வரி சேர்க்கிறார்களாம்: உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரால் பழுதுபார்க்கப்பட்டது. அதோடு, நானும் குடும்பமும் எப்போது வந்தாலும் தேத்தண்ணியும் ஸ்கோனும் இலவசமாம். 

உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர். அன்றைக்கு "என் ஆள்". இன்றைக்கு "ஒருவர்". துரை போனார், ஓட்டல் வந்தது, கோட்டு மாறியது, சன்னாசி மட்டும் இன்னும் கம்பத்துக்குப் பின்னால் தெரியாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்! பழுதுபார்த்தேனாம். பழுது செய்தது யார்? செயின்சா பிடித்தது யார்?

சில பேர் என்னிடம் வந்து, "விடுங்க ஐயா, சுடுகாட்டுல மழையில மக்குறதுக்கு லாபியில கண்ணாடி மாதிரி இருக்கட்டுமே, உங்களுக்குப் பெருமைதானே" என்கிறார்கள். இவர்கள் வீட்டுச் சமாதிக் கல்லைப் பிடுங்கி என் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்கிறேன், விளக்குப் போடுகிறேன். பெருமைப்படட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும். மற்ற மூன்று கம்பங்களின் அடியையும் அன்றைக்கு ஒரு தடவை பார்த்தேன். அவை மண் மட்டத்தோடு வெட்டுப்பட்டவை இல்லை, பிடுங்கப்பட்டவை. மண்கறை முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. எந்தச் சமாதியில் அந்தக் குழி இன்னும் இருக்கிறதோ! அங்கேயும் ஒரு மச்சான் சுற்றிச் சுற்றி வந்து, கொம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பார். "யாருகிட்ட வாங்குனீங்க?" என்று நான் கேட்டதற்குத் துரை ஏன் குழாயைத் தட்டினார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஆகவே ஓட்டல்காரர்களுக்கும், இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் என் கோரிக்கை இது. பிச்சை இல்லை, கோரிக்கை.

அக்காவின் கம்பம் சுடுகாட்டுக்குத் திரும்ப வேண்டும். அறுத்ததை ஒட்டுவது என் வேலை. நாக்கும் காடியும் வைத்து, மரஆணி அடித்து, அறுபட்ட கோடு தெரியாமல் சேர்ப்பேன். இந்த வயதிலும் என் கை நடுங்காது, சந்தேகம் இருப்பவர் உளியைக் கொண்டு வரட்டும். இல்லை, கோடு தெரியட்டும். தெரிகிற மாதிரியே சேர்க்கிறேன். அறுத்தவர்கள் பார்க்கட்டும்.

லாபியில் காலியாகிற இடத்தில் அந்தக் கம்பத்தின் படத்தை மாட்டிக்கொள்ளட்டும், தடையில்லை. பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் யோசிக்க வேண்டாம். எழுதியே தருகிறேன்:

இந்த மூன்று கம்பங்களும் மடகாஸ்கரில் மனிதர்களின் சமாதியிலிருந்து எடுத்துவரப்பட்டவை. யாருடையவை என்று எடுத்தவர் கேட்டுவைக்கவில்லை. இதில் விலா தெரிகிற மாடு சன்னாசி செய்தது. போட்டோவில் கம்பத்தைப் பிடித்திருக்கிற கை சன்னாசியுடையது. படத்தில் கூடையோடு நிற்பவர் கொழுந்து பறித்த காவேரி. கம்பம் அவருடையது. செய்தவர் அவர் தம்பி சன்னாசி. கூடையின் சாய்வைச் சொன்னவர் அவர் கணவர் பெருமாள்.

தமிழில் முதலில் எழுத வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சன்னாசி என்ற பெயரை மூன்று இடத்திலும் எழுத வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது.

அதுவரை நான் அந்தப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போகப்போவதில்லை. அடிக்கட்டை என் அக்காவிடம் இருக்கிறது. மேல்கட்டை அவர்களிடம் இருக்கிறது. எது யாருடையது என்று மரத்துக்குத் தெரியும். அதை எழுதிப் போடச் சொல்கிறேன்.